வன்னியைச் சைக்கிளில் சுற்ற நான்கு நாள்: முதல் தடவை போகிறவர்களுக்கு

நானும் மைத்துனரும் முதல் தடவை போனபோது மாங்குளத்தில் பெடலை மிதிக்கத் தொடங்கிய நேரம் காலை ஒன்பதரை. பதினொன்றரைக்கு ஒட்டுசுட்டான் காட்டு வீதியில், நிழல் இல்லாத ஒரு வளைவில் நின்றோம். பின் டயரில் காற்று இல்லை. கையில் பொருந்தாத டியூப், அரைப் போத்தல் தண்ணீர், அதுவும் சுடுதண்ணீர். அன்று மைத்துனர் சொன்னவற்றை இங்கே எழுத முடியாது. அதன் பின்னர் இரண்டு தடவை போய் வந்துவிட்டோம். இலங்கையின் வடக்கே, யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தெற்கே இருக்கும் வன்னியில், குளமும் காடும் கடல்நீரேரியும் எல்லைக் கிராமங்களுமாகச் சுமார் இருநூற்று முப்பது கிலோமீட்டர் வட்டம் அது. மாங்குளம், முல்லைத்தீவு, கொக்கிளாய், மீண்டும் முல்லைத்தீவு, கிளிநொச்சி, மாங்குளம். கால்வலிமை சாதாரணமாக இருந்தாலே போதும். நேரமும் தண்ணீரும் பிசகினால்தான் நாள் கெடுகிறது.

1. முதலில் மாதம், பிறகு திசை

பெப்ரவரி நடுப்பகுதியிலிருந்து மார்ச் கடைசி வரை போங்கள். மழை விட்டிருக்கும், குளங்கள் நிறைந்திருக்கும், வெயில் இன்னும் முழுக்கோபத்துக்கு வந்திருக்காது. பெரும்போக அறுவடையும் அப்போதுதான். வீதியின் ஒரு பாதியில் நெல் காயப்போட்டிருப்பார்கள். அதன்மேல் சைக்கிளை ஏற்றாதீர்கள். டிப்பர் வரும்போது ஒதுங்க இடமில்லாவிட்டால் இறங்கி நில்லுங்கள். நெல் அவர்களுடைய ஒரு வருடம்.

ஒக்டோபர் முதல் ஜனவரி நடுப்பகுதி வரை வேண்டாம். குளங்கள் நிரம்பி வான் பாயும், தாழ்ந்த பாலங்களுக்கு மேலால் தண்ணீர் ஓடும், திட்டம் போட்டதெல்லாம் ஒரு இரவில் கரைந்துவிடும். வைகாசியில் போவதானால் வட்டாப்பளை கண்ணகி அம்மன் பொங்கல் எந்தத் திங்கட்கிழமை என்று பார்த்துக்கொள்ளுங்கள். இறுதிப் போரில் இறந்தவர்களை நினைவுகூரும் மே 18-ஐ ஒட்டிய நாள்களிலும் முல்லைத்தீவுப் பக்கம் சனம் வரும். இரண்டு வேளையிலும் அறை கிடைப்பது கடினம்.

காற்றைப் பொறுத்துத்தான் வட்டத்தின் திசை. வாடை, அதாவது வடகிழக்குக் காற்று, வீசும் மாதங்களில் மாங்குளத்திலிருந்து கிழக்கே காட்டு வழியாகப் போங்கள். எதிர்காற்றைக் காடு தடுக்கும். முல்லைத்தீவிலிருந்து கிளிநொச்சிக்கு வரும் வெட்டவெளியில் அதே காற்று முதுகில் தள்ளும். சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் ஜூன், ஜூலை, ஓகஸ்டில் வட்டத்தை அப்படியே திருப்புங்கள். இதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. இரண்டாம் தடவை ஜூலையில் போய், விசுவமடுவுக்கும் பரந்தனுக்கும் இடையில் இறக்கமே இல்லாத மலை ஏறுவதுபோல மிதித்தோம்.

2. பையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

வன்னிக்குள் போக விசேட அனுமதி எதுவும் தேவையில்லை. ஆனால் தேசிய அடையாள அட்டை இல்லாமல் வீட்டுப் படலையைக்கூடத் தாண்டாதீர்கள். தங்குமிடத்தில் கேட்பார்கள், வீதியில் மறித்தாலும் கேட்பார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கடவுச்சீட்டையும், வீசாப் பக்கத்தின் நகலையும் வைத்திருங்கள். கைப்பேசியில் படம் மட்டும் இருந்தால் போதும் என்று நினைத்தவர்கள் பற்றரி இறங்கியபோது விழித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

சைக்கிள் வாங்கிய பற்றுச்சீட்டின் நகலையும், சட்டத்தில் குத்தியிருக்கும் இலக்கத்தையும் எழுதி வையுங்கள். சைக்கிள் களவு போனால் பொலிஸ் முறைப்பாட்டில் முதலில் கேட்பது அதைத்தான். வாடகைச் சைக்கிள் என்றால் கடைக்காரரிடம் ஒரு துண்டுக் கடிதம் வாங்குங்கள். இருட்டில் ஓட எண்ணம் இல்லாவிட்டாலும் முன்விளக்கும் பின்விளக்கும் பூட்டுங்கள்.

முகாம்கள், காவலரண்கள், இரணைமடுப் பக்கம் இருக்கும் விமானப்படைத் தளம் ஆகியவற்றின் திசையில் கமராவை உயர்த்தாதீர்கள். குளத்தைத்தான் எடுத்தேன் என்று விளக்கிச் சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் போய்விடும்.

3. சைக்கிளை மாங்குளத்தில் கொண்டுபோய் இறக்குதல்

ரயிலில் சைக்கிளைப் பொதியாகப் பதிந்து அனுப்பலாம். நான் விட்ட பிழை, எனக்கான டிக்கெட்டை முதலில் வாங்கியது. அதன் பிறகுதான் பொதிகள் பதியும் இடத்துக்குப் போய்க் கேட்டேன். நான் ஏறவிருந்த ரயிலில் சைக்கிள் ஏற்ற இடமில்லை. ஆகவே வரிசையை மாற்றுங்கள். பயணத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிலையத்துக்கு நேரில் போய், எந்த ரயிலில் பொதி எடுப்பார்கள், அது மாங்குளத்தில் நிற்குமா, பொதியை அங்கே இறக்குவார்களா என்று மூன்று கேள்வியையும் தனித்தனியே கேளுங்கள். ஒன்றுக்கு ஆம் என்றால் மற்றதற்கும் ஆம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். டிக்கெட் அதற்குப் பிறகு.

பஸ் இன்னொரு வழி. நடத்துநரின் மனநிலையையும் கூட்டத்தையும் பொறுத்தது அது. வவுனியாவிலிருந்து அதிகாலை பஸ்ஸில் பின்பக்கம் சாய்த்துக் கட்டி, சைக்கிளுக்கும் ஒரு டிக்கெட் போட்டார்கள். நியாயம்தான், அது என்னைவிட அதிக இடம் பிடித்தது. எப்படிப் போனாலும் முதல் நாளே போய்ச் சேர்ந்து மாங்குளத்தில் இரவு தங்குங்கள். அங்கே அறைகள் குறைவு, தொலைபேசியில் முன்பே சொல்லிவிட வேண்டும்.

4. டியூபும் வால்வும்

எனக்கு அதிக காசும் நேரமும் விரயமானது இதில்தான். என் சைக்கிளில் இருப்பது மெல்லிய வால்வு. மேலதிகமாக வாங்கி வைத்த டியூபில் தடித்த வால்வு. அளவு எழுதியிருந்ததைப் பார்த்தேனே தவிர வால்வைப் பார்க்கவில்லை. தடித்த வால்வு ரிம்மின் துளைக்குள் போகாது. நான்கு கிலோமீட்டர் உருட்டிக்கொண்டு போனோம்.

வீதியோர மரநிழலில் ஒரு சைக்கிள் கடை இருந்தது. ஐயா டியூபைக் கழற்றி, தண்ணீர்ப் பாத்திரத்தில் அமுக்கி, குமிழி வந்த இடத்தில் பெருவிரலை வைத்துக்கொண்டார். ஒட்டுப்போட்டுக் காய வைத்துவிட்டு டியூபைத் தொடவே இல்லை. டயரின் உட்புறத்தை விரல்நுனியால் மெல்லத் தடவிக்கொண்டே போனார். ஒரு இடத்தில் நின்றது விரல். வெளியிலிருந்து தெரியாத ஓர் உடைமர முள், நகத்துக்குள் அடங்கும் அளவு. அதை நகத்தாலேயே இழுத்து எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "இதை எடுக்காமல் புது டியூப் போட்டிருந்தால், தம்பி, அடுத்த சந்தியில் அதுவும் போயிருக்கும்." கூலி 150 ரூபாய். அவருடைய பம்பும் என் வால்வில் பொருந்தவில்லை. நல்லவேளையாகக் கைப்பம்ப் இருந்தது.

ஆகவே: உங்கள் வால்வுக்கே உரிய டியூப் இரண்டு, ஒட்டுத் துண்டும் பசையும், கைப்பம்ப், மெல்லிய வால்வை ஊர்ப் பம்புக்குப் பொருத்தும் சிறிய பித்தளை மூடி. வாங்கிய டியூபை வீட்டிலேயே ஒருதரம் போட்டுப் பாருங்கள். புதிதாகச் சைக்கிள் வாங்குகிறவராக இருந்தால் ஊரில் எல்லோரும் ஓடும் சாதாரண லுமாலா போன்ற ஒன்றே இந்தப் பயணத்துக்கு நல்லது. எந்தச் சந்தியிலும் அதற்குச் சாமான் கிடைக்கும். பொதிகளுக்கு விலைகூடிய பைகளும் வேண்டாம். கழுவிய உரப்பை ஒன்றைக் கரியரில் கட்டினால் மழைக்கும் புழுதிக்கும் அசையாது.

5. மணிக்கூட்டுக்குக் கீழ்ப்படியுங்கள்

பெப்ரவரியில் ஆறு மணிக்குப் பிறகுதான் வீதி தெளிவாகத் தெரியும். அப்போது புறப்பட்டுப் பத்தரைக்குள் அன்றைய தூரத்தில் முக்கால்வாசியை முடியுங்கள். பத்தரையிலிருந்து மூன்று வரை கோயில் மண்டபம், மரநிழல், கடை வாங்கு, எங்காவது இருங்கள். மாலை ஐந்துக்குள் அறை. ஆறு மணிக்குப் பிறகு சைக்கிள் வேண்டவே வேண்டாம்.

காரணம் யானை. காட்டை ஊடறுக்கும் வீதிகளில் பொழுது சாயும்போதும் விடியும்போதும் அவை கடக்கும். எதிரே கண்டால் மணி அடிக்காதீர்கள், படமெடுக்க நெருங்காதீர்கள். திரும்பி வந்த வழியே போய், வாகனம் ஒன்று வரும்வரை நில்லுங்கள். பையில் பழுத்த வாழைப்பழச் சீப்பைக் கட்டிக்கொண்டு காட்டு வீதியில் போவது புத்திசாலித்தனம் இல்லை. இருட்டிய பிறகு யானைக்கு அடுத்த ஆபத்து வீதியில் படுத்திருக்கும் கட்டாக்காலி மாடுகள்.

வீதியை விட்டுக் காட்டுக்குள் இறங்காதீர்கள். ஒதுங்குவதற்கும் சரி, குறுக்குவழிக்கும் சரி. மிதிவெடி அகற்றும் வேலை முற்றாக முடியவில்லை. மண்டையோட்டுச் சிவப்புப் பலகையோ சிவப்பு அடித்த தடிகளோ கண்டால் வந்த தடத்திலேயே திரும்புங்கள். குளத்தில் முதலை உண்டு. ஊரவர்கள் குளிக்கும் துறையில், அவர்கள் குளிக்கும் நேரத்தில் மட்டும் இறங்குங்கள். நாய் துரத்தினால் இறங்கிச் சைக்கிளை இடையில் வைத்து நடந்தால் அநேகமாக விட்டுவிடும். கடித்துவிட்டால் உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவி, அரச ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஊசி இலவசம். அம்புலன்சுக்கு 1990, அதற்கும் காசில்லை.

6. எவ்வளவு முடியும்

கடைசித் தடவை எங்களுக்கு ஆளுக்குச் சுமார் 17,000 ரூபாய் முடிந்தது. நான்கு இரவுக்கு அறை, இருவர் பகிர்ந்தது, ஆளுக்கு 8,000. சாப்பாடு, தண்ணீர், இளநீர் எல்லாமாக நாளொன்றுக்கு 1,600. மிச்சம் சைக்கிள் ஏற்றுக்கூலி, பஸ், ஒட்டுப்போட்டது. விலைகள் ஏறும், ஆகவே இன்னும் ஐயாயிரம் கூட வைத்திருங்கள். காசை மாங்குளத்திலும் முல்லைத்தீவிலும் எடுத்துவிடுங்கள். கொக்கிளாய் வீதியில் அட்டையை நீட்டினால் கடைக்கார அம்மா சிரிப்பார்.

7. முதல் நாள்: மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு, ஐம்பது கி.மீ

ஒலுமடு, கரிப்பட்டமுறிப்பு, ஒட்டுசுட்டான். இந்த முதல் இருபத்தைந்து கிலோமீட்டரில் கடைகள் தூரதூரமாகத்தான் வரும். புறப்படும்போதே ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர் இருக்க வேண்டும். தொலைபேசிச் சமிக்ஞையும் இடையிடையே போய்விடும். வரைபடத்தை முதல் இரவே தரவிறக்கி வையுங்கள்.

ஒட்டுசுட்டானில் தான்தோன்றீஸ்வரர் கோயிலடியில் இளைப்பாறிவிட்டு, நேரம் ஒன்பதுக்குள் இருந்தால் முத்தையன்கட்டுக் குளத்துக்குத் திரும்புங்கள். ஒன்பது தாண்டிவிட்டால் மனதைக் கல்லாக்கிக்கொண்டு நேரே போங்கள். குளக்கட்டில் ஏறியவுடன் தெரிவது தண்ணீர் என்று நினைப்பீர்கள். முதலில் வந்து தொடுவது வாசனை. சேறும் தாமரை இலையும் மீன்வலையும் கலந்த ஒன்று. குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடும் துருசடியில் வலை உதறிக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்துவிட்டு, அலைகரை வழியாகப் போகும் ஒற்றையடிப் பாதையைக் காட்டி, "அந்தப் பக்கம் போக வேண்டாம் தம்பி, மாலையானால் அது யானைகளுடைய பாதை" என்றார். கட்டில் சைக்கிள் விடலாமா என்று அங்கே நிற்பவர்களிடம் கேட்டுவிட்டே ஏறுங்கள்.

பிறகு கூழாமுறிப்பு, முள்ளியவளை, தண்ணீரூற்று. ஊர் தொடங்கியதும் வெயிலின் கடுமை குறைந்ததுபோல் இருக்கும், பனையும் மாவும் நிற்பதால். முள்ளியவளையில் மதியம் சாப்பிட்டு மூன்று மணிவரை படுத்துவிட்டு, வட்டாப்பளை அம்மனைப் பார்த்துக்கொண்டு முல்லைத்தீவுக்குப் போய்விடலாம்.

8. இரண்டாம் நாள்: கொக்கிளாய் போய்த் திரும்புதல்

ஒருவழி நாற்பது கிலோமீட்டருக்குக் கிட்ட. நான்கு நாளில் அழகானதும் அதிகம் ஏமாற்றுவதும் இந்த நாள்தான். பொதிகளை அறையில் விட்டுவிட்டுத் தண்ணீரும் டியூபும் மட்டும் எடுத்துக்கொண்டு ஆறு மணிக்கு இறங்குங்கள்.

சிலாவத்தை, அளம்பில், செம்மலை. இடது பக்கம் கடல் இரைச்சல் கேட்டுக்கொண்டே வரும், ஆனால் அதிகம் தெரியாது. நாயாற்றில் திடீரென்று எல்லாம் திறந்துவிடும். ஒரு பக்கம் நீரேரி, மறுபக்கம் மணல்மேடும் கடலும், இடையில் பாலம், பாலத்தடியில் முழங்காலளவு நீரில் நின்று வலை எறிகிறவர்கள். மீன்வாடிகளில் கருவாட்டு வாசனை. புதிதாகச் சைக்கிள் ஓடுகிறவர்கள் இங்கேயே திரும்பிவிடலாம், ஒரு நஷ்டமும் இல்லை.

அதற்கு அப்பால் கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி, கொக்கிளாய். வட மாகாணத்தின் ஓரத்தில் இருக்கும் இவற்றைத்தான் எல்லைக் கிராமங்கள் என்கிறோம். வீடுகள் ஐதாகும். கிணற்று நீர் பல இடங்களில் உவர், ஆகவே போத்தலை நாயாற்றுக்கு முன்பே நிரப்புங்கள். சிங்களம் நாலு வார்த்தை தெரிந்திருந்தால் மறிக்கும் இடத்தில் பேச்சு சுருக்கமாக முடியும். காணி, மரம், மேடு எதைப் பற்றியும் வீதியில் நின்று விசாரணை நடத்தாதீர்கள். நீங்கள் போய்விடுவீர்கள், பதில் சொன்னவர் அங்கேயே இருப்பார்.

கொக்கிளாயில் வீதி முகத்துவாரத்தோடு முடிகிறது. எதிரே புல்மோட்டை, அது திருகோணமலை மாவட்டம். படகில் ஏற்றிவிடலாம் என்று யாராவது சொன்னாலும் அதை நம்பிப் பயணம் அமைக்காதீர்கள். களப்பில் காலை வேளையில் கொக்கும் நாரையும் கூழைக்கடாவும் நிற்கும். பார்க்கப் பார்க்க நேரம் போவது தெரியாது. பொறி அங்கேதான்.

கொக்கிளாய்க்குப் போகும்போது வாடை முதுகில் தள்ளியது, நாங்கள் அதை எங்கள் கால்பலம் என்று நினைத்துக்கொண்டோம். பதினொன்றுக்குத் திரும்பினோம். காற்று முகத்தில். போன வேகத்தில் பாதிகூட இல்லை. செம்மலைக்கு வருவதற்குள் தண்ணீர் முடிந்து, மைத்துனர் ஒரு வேலியோரம் உட்கார்ந்து, இனி எழும்ப மாட்டேன் என்றார். வேலிக்கு உள்ளிருந்து ஒரு அம்மா செம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தார். யார், எங்கிருந்து என்று ஒன்றும் கேட்கவில்லை. "குடியுங்கோ பிள்ளை" என்றார், அவ்வளவுதான். கொக்கிளாயில் ஒன்பதரைக்குப் பிறகு ஒரு நிமிடமும் நிற்காதீர்கள்.

9. மூன்றாம் நாள்: முல்லைத்தீவிலிருந்து கிளிநொச்சி, அறுபது கி.மீ

தொடக்கத்திலேயே வட்டுவாகல் பாலம். ஒடுங்கியது, பழையது, இரண்டு பக்கமும் நந்திக்கடல். எதிரே வாகனம் வந்தால் அது போகும்வரை கரையில் காத்திருங்கள். மழை பெய்திருந்தால் போகமுடியுமா என்று முதல் இரவே தங்குமிடத்தில் கேளுங்கள். பாலம் மூடியிருந்தால் முள்ளியவளை வழியாகப் புதுக்குடியிருப்புக்குச் சுற்ற வேண்டும்.

பாலத்துக்கு அப்பால், 2009-இல் இறுதிப் போர் முடிந்த முள்ளிவாய்க்கால். நினைவேந்தல் முற்றத்தில் இறங்குவதானால் சைக்கிளை வெளியே விட்டு, தொப்பியைக் கழற்றிவிட்டுப் போங்கள். உங்களைப் படம் எடுத்துக்கொள்ளும் இடம் அது இல்லை.

புதுக்குடியிருப்பில் காலைச் சாப்பாடு. இடியப்பமும் சம்பலும் ஏழரைக்கே தயாராக இருக்கும். பிறகு வள்ளிபுனம், உடையார்கட்டு, விசுவமடு, தர்மபுரம், முரசுமோட்டை. வீதி நல்லது, அதனால்தான் டிப்பர்கள் பறக்கின்றன. ஓரக்கோட்டுக்கு உள்ளே ஓடுங்கள், கடுநிறச் சட்டை வேண்டாம். பரந்தனில் இடதுபுறம் திரும்பினால் கிளிநொச்சி ஐந்தாறு கிலோமீட்டர்.

10. நான்காம் நாள்: இரணைமடு, முறிகண்டி, மாங்குளம்

தூரம் குறைவு, நாற்பதுக்குச் சற்றுக் கூட. ஆகவே காலையை இரணைமடுவுக்கே கொடுத்துவிடுங்கள். சந்தியில் ஏ-9 வீதியை விட்டு உள்ளே திரும்பினால் வாய்க்கால் கரையோடு போய்க் குளக்கட்டில் ஏறலாம். எதிர்க்கரை ஒரு கோடாகத்தான் தெரியும், அவ்வளவு பெரிய நீர்ப்பரப்பு. வான்கதவுகளடியில் நிழல் உண்டு. எட்டு மணிக்குள் போனால் குளத்துமீன் கரைக்கு வருவதைப் பார்க்கலாம்.

மீண்டும் ஏ-9. இந்தப் பயணத்தில் எனக்குப் பிடிக்காத ஒரே வீதி. பஸ்கள் ஒன்றையொன்று முந்தும்போது சைக்கிள்காரர் இருப்பதாகவே கணக்கில் எடுக்க மாட்டார்கள். பின்னால் ஹோர்ன் கேட்டால் மண்ணில் இறங்குங்கள், மானம் ஒன்றும் போகாது. ஓரத்து மண்ணில் மட்டும், பற்றைக்குள் இல்லை. முறிகண்டிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு, கச்சான் வாங்கிக் கொறித்தபடி கொக்காவில் தாண்டினால் மதியத்துக்குள் மாங்குளம். இன்னொரு நாள் கையில் இருந்தால் அங்கே தங்கி, அடுத்த காலை மல்லாவிப் பக்கம் வவுனிக்குளம் போய்வரலாம். கட்டோரச் சிவன் கோயிலடியில் காற்று நன்றாக வரும்.

திரும்பும் ரயிலுக்குச் சைக்கிளைப் பதிவதென்றால் அதையும் முதல் நாள் வந்திறங்கியபோதே கேட்டு வைத்திருக்க வேண்டும். பதியும்போது கரியரில் கட்டியதை எல்லாம் அவிழ்த்துக் கையில் எடுங்கள். நான் முறிகண்டிக் கச்சான் பையைக் கரியரிலேயே விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பை இருந்தது, கச்சான் இல்லை.